முதுகொடிந்தோர் சரித்திரம்

“முதுகொடிய உழைத்தோம்” என்பது தோட்டப்புறத்தில் நாள்தோறும் செவிப்படும் சொல். பால்மரம் வெட்டினவர் சொல்லுவர். செம்பனைக் குலை வெட்டினவர் சொல்லுவர். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பேரப்பிள்ளைகளும் தம் பாட்டனாரைப் பற்றிப் பேசுங்கால் அதனையே சொல்லுவர். உழைப்பின் மிகுதியைக் காட்ட எழுந்த சொல் அது. ஆனால், உழைக்குமிடத்திலே ஒருவனுக்கு மெய்யாகவே முதுகொடிந்துவிட்டால் அவன் கதி யாது? அவனைக் குறித்துப் பேச நம்மிடம் சொல்லில்லை. “பாவம், அவன் தலைவிதி” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

யாம் ஒரு தோட்டத்துக் கிராணி. வைத்தியர் அல்லோம், சரித்திர ஆசிரியரும் அல்லோம். ஆயினும், முதுகொடிந்த மனிதனைப் பற்றி உலகம் இதுகாறும் என்ன நினைத்து வந்தது, அந்நினைப்பு எப்பொழுது மாறிற்று, மாறியபின் அவன் எவ்வளவு தூரம் மீண்டு வந்தான் என்பவற்றை எழுதவேண்டிய கடன் எமக்கு ஒன்றுண்டு. அக்கடன் எங்ஙனம் நேர்ந்தது என்பதை உரிய இடத்திற் கூறுவோம்.

முதலில் உடலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். முதுகெலும்பு ஒரே எலும்பன்று. 33 முள்ளெலும்புகள் ஒன்றின்மேலொன்றாக அடுக்கிய தூண். கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5; அவற்றின் கீழுள்ள ஒன்பதும் வளர்ந்தவர்க்கு ஒட்டிப்போயிருக்கும். இத்தூணின் நடுவேயுள்ள துவாரத்தின் வழியாக மூளையிலிருந்து இறங்கி வருவதே தண்டுவடம். ஏறக்குறையச் சுண்டுவிரற் பருமன். 45 செண்டிமீட்டர் அளவு நீளம். “காலை நீட்டு” என்னும் மூளையின் கட்டளை இதன்வழியே இறங்குகிறது. “முள் தைத்தது” என்னும் செய்தி இதன்வழியே ஏறுகிறது. எலும்பு முறிந்தால் கூடும். தண்டுவடம் அறுந்தால் கூடுவதில்லை. அறாமல் நசுங்கியதோடு நின்றால் ஓரளவு மீளுதலும் உண்டு. கழுத்திலே காயம்பட்டால் கையும் காலும் விளங்காமற் போகும். அதற்குக் கீழே பட்டால் கை தப்பும், கால்கள் போகும். அத்துடன் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் சக்தியும், தோலின் உணர்ச்சியும் போய்விடும். இக்கடைசி இரண்டையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பல்லாயிரம் ஆண்டுகளாக முதுகொடிந்தவரைக் கொன்று வந்தவை பெரும்பாலும் இவ்விரண்டின் விளைவுகளே.

எகிப்து நாட்டிலே லக்ஸார் என்னும் ஊரில் 1862ஆம் ஆண்டில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழஞ்சுவடியை விலைக்கு வாங்கினார். அதனை ஜேம்ஸ் பிரெஸ்டெட் என்னும் அறிஞர் 1930இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் பிரதி செய்யப்பட்ட சுவடி அது. மூலம் அதனினும் பழையது. அதிலே 48 காயங்கள் தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக விவரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு காயத்திற்கும் வைத்தியன் ஒரு தீர்ப்பு எழுதுகிறான்: குணப்படுத்தக்கூடியது, போராடிப் பார்க்கக்கூடியது, மருந்து செய்யத்தகாதது என்று அத்தீர்ப்புகள் மூவகை. கழுத்தெலும்பு பிசகி, கை கால்கள் இருப்பதையே உணராமல், தன்னையறியாது சிறுநீர் சொட்டக் கிடக்கும் ஒருவனை அவன் கூர்மையாகக் கண்டு எழுதியிருக்கிறான். எழுதிவிட்டு மூன்றாவது தீர்ப்பையே அளிக்கிறான். அவ்வைத்தியனை நாம் இகழ்வதற்கில்லை. இக்காயத்திற்குப் பேயையோ சாபத்தையோ அவன் காரணங் காட்டவில்லை. தன் கைக்கு எட்டாததை எட்டாதென்று நேர்மையாகச் சொன்னான். ஆனால் அவன் எழுதிய தீர்ப்பை உலகம் அதற்குப் பின்னும் மூவாயிரத்தைந்நூறு ஆண்டு மாற்றாமல் வைத்திருந்ததே வியப்பு.

1805ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆந் தேதி டிரபால்கர் கடற்போரிலே நெல்சன் பிரபுவின் தோளிற் புகுந்த குண்டு முதுகெலும்பைத் துளைத்தது. கப்பல் வைத்தியர் வில்லியம் பியட்டி செய்யக்கூடியது ஒன்றுமிருக்கவில்லை. அது நெல்சனுக்கே தெரிந்திருந்தது. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. 1945ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் தேதி அமெரிக்கப் படைத்தலைவர் பாட்டன், உலகப் போர் முழுவதும் தப்பியிருந்தவர், ஜெர்மனியில் ஒரு மோட்டார் விபத்தில் கழுத்து முறிந்தார். கை கால்கள் விளங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் இறந்தார். இவ்விரு மரணங்களுக்கும் இடையே 140 ஆண்டுகள். மயக்க மருந்து வந்தது, ரண வைத்தியம் வளர்ந்தது, எக்ஸ்ரே வந்தது, பென்சிலினும் வந்தது. முதுகொடிந்தவனுக்கு மாத்திரம் எகிப்து வைத்தியன் எழுதிய தீர்ப்பே பெரும்பாலும் நடந்து வந்தது.

நிற்க. நம் நாட்டுச் சரித்திரத்தைப் பார்ப்போம்.

நாகப்பட்டினத்திற் கப்பலேறிய நம்மவரிற் பெரும்பாலோர் முதன்முதல் மண்ணை மிதித்த ஊர் பினாங்கு. அவர்களிலே சிலர் துறைமுகத்திலேயே படகோட்டிகளாகவும் சுமைகூலிகளாகவும் தங்கினர். இன்று லிட்டில் இந்தியா என்று பெயர் பெற்றிருக்கும் பினாங்கு வீதி, குயின் வீதி, நம்மவர் கடைத்தெரு என்றழைத்த மார்க்கெட் வீதி ஆகியவை அவர்கள் வாழ்ந்த இடங்கள். குயின் வீதியின் மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. மற்றவர் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1907இல், இந்தியக் குடியேற்றக் குழு என்பது அமைந்து, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று, ஆட்களைக் கொண்டுவரும் செலவுக்கென ஒரு நிதியை நடத்திற்று. ஆளைக் கொண்டுவரப் பணங்கொடுத்த அந்நிதியே, நோயாலும் காயத்தாலும் முதுமையாலும் வேலைக்காகாமற் போனவரைத் திருப்பியனுப்பவும் பணங்கொடுத்தது. அதன் கணக்கிலே மனிதருக்கு இரண்டே வகுப்பு: வேலைக்காகிறவர், வேலைக்காகாதவர். முன்னவருக்கு வரும் கப்பல். பின்னவருக்குப் போகும் கப்பல். மூன்றாவது வகுப்பு ஒன்று இருக்கக்கூடும், வேறுவிதமான வேலைக்காகிறவர் என்று ஒருவர் இருக்கக்கூடும் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

அந்நிதியும் மறைந்தது, அக்கப்பல்களும் மறைந்தன. அம்மனப்பான்மை மறைந்ததா? மறையவில்லை என்பதற்கு யாமே சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தோட்டத்தில் குலை வெட்டும் தோழர் ஒருவர் இருந்தார். முப்பத்தாறு வயது. உயர்ந்த மரம், நீண்ட கழியிற் கட்டிய அரிவாள். வெட்டின குலை எதிர்பாராத பக்கம் சரிந்தது. அவர் குனிந்து விலகுமுன் இருபது கிலோவுக்குக் குறையாத அக்குலை அவர் நடுமுதுகில் விழுந்தது. உடனிருந்தவர் ஓடிவந்தனர். அன்பினாலேயே தீங்கு செய்தனர்: இருவர் அக்குளிலும் இருவர் காலிலும் பிடித்துத் தூக்கி, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, லாரியில் ஏற்றினர். முதுகில் அடிபட்டவரை உட்காரவைத்தல் ஆகாது, மடக்குதல் ஆகாது, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டிலிருக்கப் பலகையின்மேற் கிடத்தவேண்டும், வைத்திய வண்டி விரைவில் வருமாயின் அசைக்காமல் அவ்விடத்திலேயே காத்திருத்தல் நலம் என்பவை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆங்கிலப் பள்ளியில் பதினோராண்டு படித்த எமக்குந் தெரியாது. அவருடைய தண்டுவடம் குலை விழுந்தபொழுதே நசுங்கியதோ, யாம் தூக்கியபொழுது நசுங்கியதோ, இன்று சொல்வாரில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வந்தது: இரு கால்களும் விளங்கா. சட்டப்படி நிரப்பவேண்டிய பாரங்களை யாம் பிழையின்றி நிரப்பினோம். மாத முடிவில் செக்ரோலைத் திறந்து அவர் பெயரை நீக்கினோம். இக்காலத்துச் செக்ரோல் கணினியில் இருக்கிறது. பெயரை அடிக்கப் பேனாக்கூட வேண்டியதில்லை, ஒரு விசையைத் தட்டினாற் போதும். தட்டினோம். அன்று எம் மனத்தில் ஓடிய எண்ணத்தை மறைக்காமற் கூறுகிறோம்: “இனி இவர் நெடுநாள் இரார்” என்பதே அது. எகிப்து வைத்தியனின் மூன்றாவது தீர்ப்பை, அவனுக்கிருந்த நேர்மையுமின்றி, யாமும் எழுதினோம்.

பின்னர் ஒரு சரித்திர நூலைப் படிக்கையில் எம் முகத்தில் அறைந்தாற்போன்ற ஒரு செய்தியைக் கண்டோம். 1917ஆம் ஆண்டு, ஜெர்மனியின் சைலீசியா நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கான ஆஸ்பத்திரி ஒன்றிலே லுட்விக் குட்மன் என்னும் பதினெட்டு வயது யூத இளைஞர் ஏவலாளாக இருந்தார். முதுகொடிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவனைக் கொண்டுவந்தனர். நல்ல உடற்கட்டுள்ள வாலிபன். அவன் படுக்கையைத் திரையிட்டு மறைத்தனர். குட்மன் அவனைப்பற்றிக் குறிப்பெழுதத் தொடங்கினார். எழுதவேண்டா, இவன் சில வாரத்தில் இறந்துவிடுவான் என்று மூத்தவர் தடுத்தனராம். ஐந்து வாரத்தில் அவன் இறந்தான். யாம் பெயரை அடித்தோம், அவர்கள் எழுதவேயில்லை. வேற்றுமை அவ்வளவே.

ஆனால் குட்மன் அத்தொழிலாளியை மறக்கவில்லை. அவர் நரம்பு வைத்தியராகி, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்தார். போரில் முதுகொடிந்து வருவோர்க்கென ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் ஒரு பகுதி திறக்கப்பட்டு, 1944 பிப்ரவரி முதல் தேதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டொனால்டு மன்ரோ என்பார் 1936 முதலே இத்தகைய பகுதி ஒன்றை நடத்தி வழிகாட்டியிருந்தார். குட்மன் கண்ட உண்மை மிக எளியது. இவர்கள் தண்டுவடம் அறுந்ததனாற் சாகவில்லை. படுக்கைப் புண்ணாலும், சிறுநீர்ப் பையிற் பரவும் நச்சுக் கிருமியாலும் சாகின்றனர். உணர்ச்சியற்ற தோல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் இரத்தம் ஓடாது, அழுகிப் புண்ணாகும். ஆகவே, இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்று விதித்தார்; நள்ளிரவிலும் தாமே வந்து சோதித்தார். சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்றும் முறையைத் தாதியர்க்குப் பழக்கினார். இதிலே மந்திரமில்லை, விலையுயர்ந்த மருந்துமில்லை. கடிகாரமும் கைகளும் சிரத்தையுமே வேண்டுவன.

இங்கே விதிவாதிகளுக்கு ஒரு வார்த்தை. முற்பிறவியின் வினை என்று சொல்லிப் படுக்கையருகே நின்றவர் பல்லாயிரவர். அவர்களில் எவரும் இரண்டு மணிக்கொருமுறை அவனைப் புரட்டிவிடவில்லை. புரட்டிவிட்டபொழுது அவ்வினை எங்கே போயிற்று?

உயிர் தப்பியபின் என்செய்வது என்பது அடுத்த கேள்வி. உயிரைமட்டும் காத்து ஒரு மூலையில் இருத்துவது குட்மனுக்கு உடன்பாடன்று. தச்சு வேலை, கடிகாரம் பழுதுபார்க்கும் வேலை முதலியவற்றைக் கற்பித்தார். விளையாட்டையும் மருந்தாக்கினார். 1948 ஜூலை 29ஆந் தேதி, லண்டன் ஒலிம்பிக் விளையாட்டு தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் புல்வெளியிலே சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்லேந்தி அம்பெய்தனர். அவருள் இருவர் பெண்டிர். 1960இல் ரோமாபுரியில் 23 நாட்டினர் சுமார் 400 பேர் கூடினர். இன்று பாராலிம்பிக் என்று உலகறியும் பெருவிழா அப்புல்வெளியிற் பிறந்ததே.

அஃது இங்கிலாந்து, அரசாங்கச் செலவு, வெள்ளைக்காரர் நாடு என்று நம்மவர் சொல்லக்கூடும். ஆகவே தமிழ்நாட்டிற்கு வருவோம்.

வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியிற் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் பெண் வைத்தியர் கொச்சியிற் பிறந்தவர். 1954 ஜனவரி 30ஆந் தேதி, தோழியரோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்திற் பெருங்காயம், முதுகொடிந்து இரு கால்களும் விளங்காமற் போயின. வயது இருபத்தெட்டு. வைத்தியத்தொழிலே முடிந்தது என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அப்பொழுது வேலூரிலே தொழுநோயால் மடங்கிய கைகளை ரண சிகிச்சையால் நிமிர்த்திவந்த பால் பிராண்டு என்னும் வைத்தியர், கையில் செய்யும் ரண சிகிச்சை உட்கார்ந்துகொண்டே செய்வதன்றோ என்று அவருக்கு வழிகாட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே கத்தியைக் கையிலெடுத்தார். விளங்காத கைகளோடு வந்தவர்களை விளங்காத கால்களையுடைய ஒரு பெண் விளங்கவைத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தம் உடலைப் பழக்கிக்கொண்டு, நியூயார்க்கிலே ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் புனர்வாழ்வு வைத்தியத்தைக் கற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986இல் அவர் காலமானார், நிலையம் நிற்கிறது.

தென்காசிக்கருகே ஆய்க்குடி என்றோர் ஊர். அவ்வூரினரான எஸ். ராமகிருஷ்ணன், பொறியியற் கல்லூரி மாணவராயிருக்கையில், கடற்படை உத்தியோகத் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். 1975 ஜனவரி 10ஆந் தேதி அத்தேர்வின் உடற்பயிற்சியிற் கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் விளங்கவில்லை. மேரி வர்கீஸுக்குக் கைகளேனும் இருந்தன, இவருக்கு அவையுமில்லை. ஊர் திரும்பியவர், உலகம் முழுதும் ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடிய 1981இல், ஒரு கீற்றுக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை செய்த படைவைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக அமர் சேவா சங்கம் என்று பெயரிட்டார். அச்சங்கம் இன்று முதுகொடிந்தோர்க்கும் ஊனமுற்ற குழந்தைகளுக்கும் ஒரு பெரும் புகலிடமாயிருக்கிறது. 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கழுத்துக்கு மேலுள்ளதைமட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஒரு கிராமத்தின் பெயரை உலகறியச் செய்யலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் பினாங்கிலும் சான்றுண்டு. ஜார்ஜ் டவுனில் 1940இற் பிறந்து, செயின்ட் சேவியர் பள்ளியிற் படித்து, வழக்கறிஞராகி, 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங் தொகுதியின் பிரதிநிதியாயிருந்து “ஜெலுத்தோங் புலி” என்று பெயரெடுத்தவர் கர்பால் சிங். 2004இல் புக்கிட் குளுகோர் தொகுதியிலிருந்து மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். 2005 ஜனவரி 28ஆந் தேதி, பினாங்கிலே தம் வீட்டருகில், பின்னால் வந்த டாக்சி ஒன்று அவர் இருந்த காரின்மீது மோதிற்று. தண்டுவடம் பாதிக்கப்பட்டு, அன்றுமுதல் சக்கர நாற்காலியே அவர் ஆசனமாயிற்று, வலக்கையும் வலுவிழந்தது. அறுபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த வயது. ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிரார். அவரோ நாற்காலியோடு நீதிமன்றம் புகுந்தார், நாற்காலியோடு நாடாளுமன்றம் புகுந்தார். 2008இலும் 2013இலும் அத்தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தனர். அன்வார் இப்ராஹிமுக்காக அவர் தலைமையேற்று வாதாடிய வழக்கிலே 2012 ஜனவரி 9ஆந் தேதி விடுதலைத் தீர்ப்பு வந்தது. 2014 ஏப்ரல் 17ஆந் தேதி இன்னொரு சாலை விபத்து அவர் உயிரைக் கொண்டுபோகும்வரை அவர் ஓயவில்லை. அவருடைய அரசியலை ஒப்புவோரும் மறுப்போரும் உண்டு. அவருடைய மீட்சியை மறுப்போர் இலர்.

ஈண்டு ஒரு நியாயமான கேள்வி எழும். கர்பால் சிங்குக்குக் கல்வியிருந்தது, குடும்பத் துணையிருந்தது, ஏற்றி இறக்க வண்டியும் ஆட்களும் இருந்தனர். நாவே அவர் தொழிற்கருவி, அது முறியவில்லை. குலை வெட்டினவனுக்கு என்னவுண்டு? மெய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கின்றனர். விழுதலும் சாலை விபத்துமே முக்கிய காரணங்கள். அவர்களெல்லாம் வழக்கறிஞர்களா? கைத்தொழிலாளர் பல்லாயிரவர் அவருள் உண்டு. அவர்கள் மீளுவதற்கு அவர்களுடைய நெஞ்சுரம்மட்டும் போதாது. சட்டமும் வேண்டும், சமூகமும் வேண்டும்.

சட்டத்தைப் பார்ப்போம். 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அடிபட்டவனுக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. 1969இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் சொக்சோ அமைந்தபின் திங்கள்தோறும் பணம் வர வழி பிறந்தது. 2007இல் சொக்சோ “மீண்டும் வேலைக்கு” என்னும் திட்டத்தைத் தொடங்கி, அடிபட்டவர் தொழிலுக்குத் திரும்ப வழிசெய்யத் தனி அலுவலரை வைத்தது. 2014இல் மலாக்காவில் துன் ரசாக் புனர்வாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1907இன் நிதியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். போகும் கப்பலுக்குச் சீட்டெடுத்த நாட்டிலே, வேலைக்குத் திரும்பி வரும் பாதைக்குப் பணம் ஒதுக்கும் காலம் வந்துவிட்டது. ஆனால் அப்பாதை தோட்டத்து ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும்பொழுது அங்கே கிராணி ஒருவன் இருக்கிறான். எடைபோடும் இடத்திலோ, சாமான் கிடங்கிலோ உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று அத்தோழருக்கு உண்டா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாம் கேட்கவில்லை.

அத்தோழர் பின்னர்ப் பினாங்கு சென்றார். லிட்டில் இந்தியாவிலே ஒரு கடையின் மேல்மாடியில் அவர் தமையனார் குடியிருந்தார். யாம் பார்க்கச் சென்றது ஒரு சனிக்கிழமை மாலை. கீழே பூக்கடை மணமும், மசாலை மணமும், ஒலிபெருக்கிப் பாட்டும். மேலே, ஏணிபோற் செங்குத்தான மரப்படிகளின் உச்சியில், பதினொரு மாதமாக மண்ணில் இறங்காத மனிதர். கைகள் இரண்டும் குலை வெட்டினவருடைய கைகளாகவே இருந்தன. நாற்காலியின் இருபக்கமும் கையூன்றிக் கால் மணிக்கொருமுறை உடலைத் தூக்கித் தூக்கி வைத்தார். புண் வராமலிருக்க ஆஸ்பத்திரித் தாதி பழக்கியதாம். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “கீழே பூக்கடைக்காரர் மாலை கட்ட வரச் சொல்கிறார் ஐயா. கட்டத் தெரியும். இறங்கத்தான் வழியில்லை” என்றார்.

கீழே இறங்கி வந்து அத்தெருக்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். கடைகளின் முன்னேயுள்ள ஐந்தடிப் பாதை, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி யாவரும் நடப்பதற்காக ஏற்பட்டது. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த ஏற்பாட்டிலேயே, தொடர்ச்சியாகவும் எந்நேரமும் திறந்தும் இருக்கவேண்டிய பாதை என்று அது விதிக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவிலே ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் அப்பாதையின் மட்டம் ஒவ்வாது. ஓரிடத்தில் ஒரு படி, ஓரிடத்தில் இரண்டு படி. நடுவே மூட்டைகளும் பெட்டிகளும். கால் உள்ளவர் கவனியாமல் ஏறி இறங்கும் ஒரு சாண் உயரம், சக்கரத்திற்கு மதில்.

2008 ஜூலை 7ஆந் தேதியை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். அன்று ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, பினாங்கு கொண்டாடிற்று. அதே நாளில்தான் மலேசியாவின் ஊனமுற்றோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொதுவிடங்களிற் புழங்கும் உரிமை ஊனமுற்றோர்க்கும் உண்டென்று அச்சட்டம் கூறிற்று. மீறுவோர்க்குத் தண்டனை ஒன்றும் கூறவில்லை. முதல் செய்தியை ஊரறியும். இரண்டாம் செய்தியைக் கடைத்தெருவில் எத்தனை பேர் அறிவர்? பழைய கட்டடத்தை இடிக்கக்கூடாது என்று சிலர் சொல்லுவர். இடிக்கவேண்டா, வேண்டும்பொழுது போட்டு வேண்டாதபொழுது எடுக்கும் ஒரு சாய்பலகையாற் பாரம்பரியம் குலைந்துவிடாது.

தைப்பூசத்துக்குப் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்படும். அதற்காகத் தெருவை ஒழித்துக் கொடுக்கிறோம், வண்டிகளை நிறுத்துகிறோம், சக்கரம் தடையின்றி உருள நூற்றுக்கணக்கானோர் முன்னும் பின்னும் நிற்கிறோம். அது தக்கதே. தேரின் சக்கரத்துக்கு வழிவிடத் தெரிந்த நமக்கு, மனிதனின் சக்கரத்துக்கு வழிவிட எவ்வளவு காலம் வேண்டும்?

முடிந்ததைக் கூறி முடிக்கிறோம். அத்தெருவிலேயே கீழ்த்தளத்தில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. பூக்கடைக்காரரும் தமையனாரும் யாமுமாகச் சேர்ந்து தச்சரைக் கொண்டு இரு பலகைகள் செய்தோம். ஒன்று அறை வாசலுக்கு, ஒன்று கடை வாசலுக்கு. முதுகொடிந்தவர்க்குத் தெருவுக்கு வரும் வழி, மூவாயிரத்தறுநூறு ஆண்டுச் சரித்திரத்தின் முடிவிலே, இரண்டு பலகைகளாக இருந்தது. இப்பொழுது அவர் காலையில் ஐந்தடிப் பாதையில் அமர்ந்து மாலை கட்டுகிறார். கால்கள் மீளவில்லை, மீளமாட்டா. மற்றவை ஒவ்வொன்றாக மீளுகின்றன. கூலி மீண்டது, கடைத்தெருப் பேச்சு மீண்டது, கோபமும் சிரிப்பும் மீண்டன.

இக்கட்டுரையில் அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டோம். அவர் நூலை முடிந்துகொண்டே சொன்னார்: “பெயரை எழுதுவதானால் செக்ரோலில் எழுதுங்கள் ஐயா; பத்திரிகையில் வேண்டாம்.”

எமக்கு மறுமொழி இல்லை.